அப்பாவுக்குக் குழந்தைகள் கையால் செய்யும் பரிசுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூன்று வயதிலிருந்து பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் வீட்டிலேயே செய்யக்கூடிய பரிசுகளைப் பற்றி இங்கே சொல்லியிருக்கிறோம். அளவுகளும் காயும் நேரமும் சென்னையின் காற்றை மனதில் வைத்துத் தரப்பட்டவை. வறண்ட ஊரில் இரண்டு மணி நேரத்தில் காயும் பசை, மாலையில் கடற்காற்று வீசும் நம் ஊரில் ராத்திரி முழுக்க எடுத்துக்கொள்ளும்.

தந்தையர் தினம் எப்போது? எத்தனை நாள் முன்னதாகத் தொடங்க வேண்டும்?

ஜூன் மாதத்தின் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை. 2026-ல் அது ஜூன் 21, 2027-ல் ஜூன் 20. அமெரிக்காவின் ஸ்போகேன் நகரில் 1910-ல் சொனோரா ஸ்மார்ட் டாட் என்ற பெண் தொடங்கிவைத்த வழக்கம் இது. அவருடைய அப்பா, மனைவி இறந்த பிறகு பிள்ளைகளைத் தனியாக வளர்த்தவர்.

நம் ஊரில் அந்தச் சமயம் பள்ளி திறந்து சில நாள்தான் ஆகியிருக்கும். புத்தகத்துக்கு அட்டை போடுவது, லேபிள் ஒட்டுவது என்று வீடே பரபரப்பாக இருக்கும். ஆகவே மே விடுமுறையின் கடைசி வாரத்திலேயே தொடங்கிவிடுவது நல்லது. துணியில் அச்சிடும் வேலைக்கு 5 நாள், மர வேலைக்கு 4 நாள், காகித வேலைக்கு 2 நாள் வேண்டும். அதில் செய்யும் நேரம் குறைவு, காயும் நேரம்தான் அதிகம். அப்பாவின் பிறந்தநாளுக்குச் செய்தாலும் இதே கணக்குதான்.

என்ன செய்வது என்று எப்படி முடிவெடுப்பது?

ஒருநாள் காலையில் அப்பா எழுந்ததிலிருந்து வீட்டை விட்டுக் கிளம்பும் வரை என்னென்ன தொடுகிறார் என்று பிள்ளையைக் கவனிக்கச் சொல்லுங்கள். காபி டம்ளர், கண்ணாடி, வண்டிச் சாவி, கைக்குட்டை, செல்போன் சார்ஜர். எதைத் தேடி அலைகிறார், எது கிடைக்காமல் "எங்க வெச்சேன்?" என்று கத்துகிறார் என்பதையும் குறித்துக்கொள்ளட்டும். அந்தப் பட்டியலிலேயே பரிசு இருக்கும். ஷோகேஸில் வைக்கும் பொருளைவிட அப்பாவின் கை தினமும் படும் பொருளைத்தான் நாங்கள் எப்போதும் பரிந்துரைப்போம். ஷோகேஸ் பொருள் ஒரு வாரத்தில் தூசி பிடித்துவிடும்.

எந்த வயதுக்கு எது பொருந்தும்?

3 முதல் 5 வயது வரை கை அச்சும் வெண்டைக்காய் அச்சும் போதும். 6, 7 வயதில் மடித்து வெட்டும் வாழ்த்து அட்டை வரும். 8 வயதுக்கு மேல் சின்னப் புத்தகம், சுவர்ப் பை, லட்டு. 11 வயதுக்கு மேல் சாவி மாட்டியும் ஃபில்டர் காபியும். வயதைவிடக் கைப்பழக்கம் முக்கியம். கத்தரிக்கோலால் ஒரு வட்டத்தை மூலை வராமல் வெட்டத் தெரிந்த பிள்ளைக்கு ஆறு வயதானாலும் சுவர்ப் பையில் பாதி வேலையைக் கொடுக்கலாம்.

பொருட்கள் எங்கே வாங்குவது?

பெரும்பாலானவை தெருமுனை ஸ்டேஷனரி கடையிலேயே கிடைக்கும். விதவிதமான கெட்டிக் காகிதம் வேண்டுமென்றால் பாரிமுனையில் ஆண்டர்சன் தெருவுக்கும் பந்தர் தெருவுக்கும் போகலாம். உயர் நீதிமன்றம் மெட்ரோ நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை அங்கே பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும் என்பதால் சனிக்கிழமை காலையிலேயே போய்விடுங்கள். களிமண் வேண்டுமென்றால் கொசப்பேட்டை.

ஆனால் கடைக்குப் போகும் முன் வீட்டுப் பரணைப் பாருங்கள். போன வருஷத்துத் தினசரி காலண்டர் அட்டையும் சேர்ந்து கிடக்கும் கல்யாணப் பத்திரிகைகளும் கடையில் வாங்கும் அட்டையைவிடக் கெட்டியானவை. கீழே சொல்லும் வேலைகளில் பாதிக்கு இவை இரண்டும் போதும்.

காலண்டர் அட்டையில் என்ன செய்யலாம்?

சுவர்ப் பை. பெட்ரோல் பில், டாக்டர் சீட்டு, கேஸ் ரசீது என்று அப்பா சட்டைப் பையிலிருந்து எடுத்து டிவி மேல் போடும் காகிதங்களுக்கு ஓர் இடம். காலண்டர் அட்டையில் மாட்டுவதற்கான துளை ஏற்கெனவே இருப்பதால் பாதி வேலை முடிந்த மாதிரிதான்.

முதலில் தாள் கட்டு இருந்த இடத்தில் பின்களைப் பெரியவர்கள் கொறடாவால் பிடுங்கிவிட வேண்டும். அட்டையின் ஓரத்தில் தகரப்பட்டை இருந்தால் அதைப் பெயர்க்க வேண்டாம். பெயர்த்தால் விளிம்பு கத்தி மாதிரி கிழிக்கும், அட்டையும் வளையும். அட்டையில் சாமி படம் இருந்தால் அதன்மேல் பசை தடவப் பலருக்கும் மனம் வராது. அப்படியானால் இயற்கைக் காட்சி போட்ட கடைக் காலண்டரைத் தேடி எடுங்கள்.

பைக்குக் கல்யாணப் பத்திரிகையின் கெட்டி அட்டை. பை எவ்வளவு அகலம் வேண்டுமோ அதோடு 8 செ.மீ. சேர்த்து வெட்டுங்கள். பக்கத்துக்கு 4 செ.மீ. வரும். அந்த 4 செ.மீ.யை நடுவில் விசிறி போல முன்னும் பின்னுமாக இரண்டாக மடித்தால் 2 செ.மீ. மடிப்பு விரிந்து கொடுக்கும், வெளிப்புற 2 செ.மீ. அட்டையில் ஒட்டும். அடியில் 2 செ.மீ. மடித்து ஒட்ட வேண்டும். இந்த விசிறி மடிப்பு இல்லாமல் தட்டையாக ஒட்டினால் நாலு பில் வைத்ததுமே பை பிய்த்துக்கொண்டு வரும். எல்லோரும் தவறு செய்யும் இடம் இதுதான்.

மடிக்கும் முன் மடிப்புக் கோட்டில் ஸ்கேலை வைத்து, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் ஒருமுறை அழுத்திக் கீறுங்கள். கெட்டி அட்டை அப்போதுதான் வெடிக்காமல் நேராக மடியும். பசை தடவிய பிறகு துணிக் கிளிப் போட்டு ராத்திரி முழுக்க விடுங்கள். மூன்று பை வைத்தால் போதும். மேலே "கட்ட வேண்டியது", நடுவில் "கட்டியாச்சு", கீழே "மத்தது" என்று பிள்ளையே எழுதட்டும்.

ஃபெவிகால் ஏன் காய மாட்டேன் என்கிறது? காகிதம் ஏன் அலை அலையாகிறது?

இரண்டுக்கும் காரணம் தண்ணீர். வெள்ளைப் பசையில் இருக்கும் தண்ணீர் வெளியேறினால்தான் அது பிடிக்கும். காற்றில் ஈரம் அதிகமிருந்தால் தண்ணீர் மெதுவாகத்தான் போகும். குழந்தைகள் டியூபை அப்படியே பிதுக்கிவிட்டால் மேலே தோல் மாதிரி காய்ந்து, உள்ளே இரண்டு நாளானாலும் ஈரமாகவே இருக்கும். ஒரு மூடியில் பசையைக் கொட்டி, பழைய விசிட்டிங் கார்டின் ஓரத்தால் மெல்லிய படலமாக இழுத்துத் தடவக் கற்றுக்கொடுங்கள். பசை தடவிய இடத்தில் காகிதத்தின் நிறம் லேசாகத் தெரிய வேண்டும். அதுதான் சரியான அளவு.

அலை அலையாவதைத் தடுக்க, பசையைக் காகிதத்தில் தடவாமல் அட்டையில் தடவி, அதன்மேல் காகிதத்தை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக நீவி ஒட்டுங்கள். அட்டையின் ஒரு பக்கம் மட்டும் காகிதம் ஒட்டினால் அது காய்ந்து சுருங்கி அட்டையையே வில்லாக வளைக்கும். பின்பக்கமும் ஏதாவதொரு காகிதம் ஒட்டிவிட்டால் இரண்டு பக்க இழுப்பும் சரியாகிவிடும். பிறகு மேலே கனமான புத்தகங்களை அடுக்கி வையுங்கள். இடையில் ஒரு பிளாஸ்டிக் கவர் போட மறக்காதீர்கள், இல்லையென்றால் புத்தகமும் பரிசோடு சேர்ந்துவிடும்.

திறந்தால் எழுந்து நிற்கும் வாழ்த்து அட்டை எப்படிச் செய்வது?

ஏ4 அளவு கெட்டித் தாளைக் குறுக்கே சரிபாதியாக மடியுங்கள். ஒரு பக்கம் 14.8 செ.மீ. அகலம் இருக்கும். மடிப்பு ஓரத்தின் நடுப்பகுதியில் 4 செ.மீ. இடைவெளி விட்டு இரண்டு கோடு போடுங்கள், ஒவ்வொன்றும் 5 செ.மீ. நீளம். இரண்டையும் வெட்டி, நடுவிலுள்ள பட்டையை முன்னும் பின்னும் மடித்துப் பழக்கி, தாளைத் திறந்து பட்டையை உள்பக்கம் தள்ளினால் ஒரு படிக்கட்டு எழும். அதன் முன்முகத்தில் தனியாக வரைந்து வெட்டிய ஸ்கூட்டரோ கண்ணாடி போட்ட அப்பாவோ ஒட்டப்படும்.

அட்டையை மூடினால் படம் வெளியே நீட்டிக்கொள்வதுதான் வழக்கமான புகார். 14.8-லிருந்து வெட்டிய நீளம் 5-ஐக் கழித்தால் 9.8. படிக்கட்டின் அடியிலிருந்து அளந்தால் படம் அதைத் தாண்டக் கூடாது. 9 செ.மீ. உயரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வெட்டு நீளமும் பக்க அகலத்தில் பாதிக்குமேல், அதாவது 7 செ.மீ.க்குமேல் போகக் கூடாது. போனால் படிக்கட்டே வெளியே எட்டிப் பார்க்கும்.

கடைசியாக, வேறொரு தாளை வெளியுறையாக ஒட்டுங்கள். ஆனால் படிக்கட்டின் பின்னால் உள்ள ஓட்டைப் பகுதியில் பசை படக் கூடாது. பட்டால் படிக்கட்டு எழாது.

உள்ளே என்ன எழுதுவது?

"உலகின் சிறந்த அப்பா" என்று கடையில் வாங்கும் எல்லா அட்டையிலும் இருக்கிறது. நடந்த ஒரு விஷயத்தை எழுதச் சொல்லுங்கள். "மழை பெய்ஞ்ச அன்னிக்கு ஸ்கூல் கேட்டுல குடையோட நின்னியே, தேங்ஸ்ப்பா." இவ்வளவு போதும். வீட்டில் அப்பாவை "நீ" என்று கூப்பிடும் பிள்ளை அட்டையிலும் "நீ" என்றே எழுதட்டும். "நீங்கள்" என்று மாற்றினால் அது பள்ளிக்கூடக் கடிதமாகிவிடும். அப்பா, டாடி, நைனா, வாப்பா, எப்படிக் கூப்பிடுகிறார்களோ அப்படியே இருக்கட்டும்.

வெண்டைக்காய் அச்சில் கைக்குட்டை செய்வது எப்படி?

சின்னப் பிள்ளைகள் கையில் இதைப் போல அழகாக வரும் வேலை வேறில்லை. வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டினால் ஐந்து இதழ் பூ, நடுவில் ஐந்து சின்ன அறைகள். வரையத் தெரிய வேண்டாம், அச்சே பார்த்துக்கொள்ளும்.

வெள்ளை அல்லது வெளிர்நீல நிறத்தில் முழுப் பருத்திக் கைக்குட்டை வாங்குங்கள். பாலியெஸ்டர் கலந்த துணியில் நிறம் மேலாக நின்று உரிந்துவிடும். புதுத் துணியில் கஞ்சி இருக்கும், அது நிறத்தை நூலுக்குள் போக விடாது. ஆகவே சோப்புத் தூளில் ஒருமுறை துவைத்து, உலர்த்தி, இஸ்திரி போடுங்கள். வாசனைக்காகக் கடைசித் தண்ணீரில் சேர்க்கும் திரவம் எதுவும் வேண்டாம்.

காய் முற்றலாக இருக்க வேண்டும். நுனியை உடைத்தால் உடையாமல் வளையும், சமையலுக்கு ஆகாது என்று அம்மா ஒதுக்கி வைப்பாரே, அதேதான். பிஞ்சில் விளிம்பு மெத்தென்று நசுங்கிப் பூ உருண்டையாகிவிடும். காம்பிலிருந்து 3 செ.மீ. விட்டு, கூர்மையான கத்தியால் ஒரே வீச்சில் பெரியவர் வெட்ட வேண்டும். ரம்பம் மாதிரி அறுத்தால் முகம் மேடுபள்ளமாகி அச்சு பாதிதான் விழும். காம்பு குழந்தைக்குப் பிடியாக இருக்கும். வெட்டிய முகத்தைப் பழைய பருத்தித் துணிமேல் கவிழ்த்து 15 நிமிடம் வையுங்கள். வழவழப்பு துணியில் இறங்கிவிடும். உள்ளே தெரியும் வெள்ளை விதைகளை ஊக்கால் நோண்டி எடுத்துவிட்டால் அறைகள் திறந்து அச்சு தெளிவாகும்.

துணிக்கான ஃபேப்ரிக் கலர் மட்டுமே பயன்படுத்துங்கள். போஸ்டர் கலர் முதல் துவையலிலேயே போய்விடும். ஒரு தட்டில் ஈரமில்லாத ஸ்பாஞ்சை வைத்து அதில் ஒரு டீஸ்பூன் கலரைத் தடவி, காயை ஸ்பாஞ்சில் ஒற்றி எடுக்க வேண்டும். கலர் டப்பாவில் நேராக முக்கினால் அறைகள் அடைத்துக்கொண்டு பூவுக்குப் பதில் பொட்டுதான் விழும். கைக்குட்டைக்கு அடியில் மடித்த பழைய பெட்ஷீட், அதன்மேல் செய்தித்தாள். வெறும் தரையில் வைத்தால் நடுப்பகுதி பதியாது. முதல் இரண்டு அச்சைச் செய்தித்தாளில் போட்டு, மூன்றாவதைத் துணியில் போடட்டும். நேராக இறக்கி, "ஒண்ணு, ரெண்டு" எண்ணி, நேராகத் தூக்க வேண்டும். கையைத் திருகக் கூடாது. 15, 20 அச்சு ஆனதும் முகம் கொழகொழக்கும். மெல்லியதாக ஒரு வட்டம் சீவி எடுத்தால் புதுமுகம் கிடைத்துவிடும்.

கைக்குட்டை முழுக்க அச்சிட வேண்டாம். நிறம் காய்ந்த இடம் விறைப்பாக இருக்கும், முகம் துடைக்க உறுத்தும். இரண்டு ஓரங்களில் மட்டும், அல்லது ஒரு மூலையில் மட்டும் போதும். அந்த மூலை சட்டைப் பைக்கு வெளியே தெரியட்டும்.

நிழலில் விரித்து 24 மணி நேரம் காய வையுங்கள். பிறகு பின்பக்கம் பருத்தித் துணி போட்டு, பருத்திக்கான சூட்டில் 3, 4 நிமிடம் பெரியவர் இஸ்திரி போட வேண்டும். 3 நாள் கழித்துத்தான் முதல் துவையல், அதுவும் குளிர்ந்த தண்ணீரில், கையால்.

அச்சு பரவி ஓரமெல்லாம் மங்கிவிடுகிறதே?

கலரில் தண்ணீர் சேர்த்திருப்பீர்கள், அல்லது காயின் ஈரம் போகவில்லை. தண்ணீர் நூல் வழியாக ஓடும்போது நிறத்தையும் கூட்டிக்கொண்டு போகும். கலர் கெட்டியாக இருந்தால் அதற்கென்றே விற்கும் மீடியத்தைச் சில சொட்டு சேருங்கள். பரவிய அச்சை அழிக்க முயன்றால் பெரிதாகும். காய்ந்த பிறகு அதன்மேலேயே அடர்நிறத்தில் இன்னொரு பூ போட்டுவிடுங்கள்.

உப்பு மைதா மாவில் கை அச்சு எடுக்கலாமா?

சென்னையில் வேண்டாம். இரண்டு பங்கு மைதா, ஒரு பங்கு உப்பு, பிசையத் தண்ணீர் என்று எங்கும் சொல்லப்படும் முறைதான், ஓவனில் காய வைத்தால் முதலில் கல் மாதிரிதான் இருக்கும். ஆனால் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். மழைக்காலம் வந்ததும் மேற்பரப்பு பிசுபிசுத்து, விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்து, பூஞ்சையும் பிடிக்கும். வார்னிஷ் பூசினாலும் எங்காவது ஒரு ஊசித்துளை போதும்.

களிமண் நல்லது. ஒரு செ.மீ. கனத்தில் தட்டி, கையை அழுத்தி எடுத்து, செய்தித்தாள்மேல் நிழலில் ஒரு வாரம் விடுங்கள். தினமும் ஒருமுறை திருப்பிப் போட வேண்டும். ஃபேனுக்கு அடியிலோ வெயிலிலோ வைத்தால் ஓரம் முதலில் காய்ந்து சுருங்க, நடுப்பகுதி ஈரமாகவே நிற்க, இடையில் வெடிக்கும். சுடாத களிமண் என்பதால் தண்ணீர் பட்டால் கரையும், கீழே விழுந்தால் உடையும். இதெல்லாம் வேண்டாமென்றால் கெட்டித் தாளில் கை அச்சு எடுத்துத் தேதியும் வயதும் எழுதிச் சட்டம் போடுங்கள். இருபது வருஷம் நிற்கும்.

காபி மக்கில் பெயின்ட் அடித்துக் கொடுக்கலாமா?

குடிப்பதற்கு வேண்டாம். சாதாரண அக்ரிலிக் பெயின்ட் பளபளப்பான பீங்கானில் பிடிப்பதில்லை, தேய்க்கும்போது உரிந்து காபியோடு வயிற்றுக்குள் போகும். பேனா ஸ்டாண்டாகக் கொடுங்கள்.

சாவி மாட்டி செய்ய என்ன வேண்டும்?

12 மி.மீ. ப்ளைவுட், 30 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம். பக்கத்தில் எங்காவது கார்பெண்டர் வேலை நடந்தால் கழிவிலேயே கிடைக்கும், அறுத்தும் கொடுப்பார்கள். 120 எண் உப்புத்தாளால் தேய்த்து, பிறகு 220 எண் தாளால் தேய்க்க வேண்டும். ஓரங்களில்தான் சிலாம்பு இருக்கும், அங்கே அதிக நேரம். ஈரத்துணியால் தூசியைத் துடைத்துக் காய்ந்த பிறகு அக்ரிலிக் பெயின்ட் இரண்டு கோட். முதல் கோட் முழுதாகக் காயாமல் இரண்டாவது போட்டால் பிரஷ்ஷே முதல் கோட்டை உரித்தெடுத்துவிடும்.

நான்கு கொக்கிகளுக்கு இடப்பக்க ஓரத்திலிருந்து 6, 12, 18, 24 செ.மீ.யில் புள்ளி வையுங்கள். நெருக்கினால் சாவிக்கொத்துகள் ஒன்றோடொன்று சிக்கும். மெல்லிய ஆணியால் சிறு குழி போட்டு, கொக்கியின் மரையைச் சோப்பில் ஒருமுறை தேய்த்துத் திருகினால் பிள்ளையின் கை வலுவே போதும். குழி இல்லாமல் திருகினால் ப்ளைவுட் பிளக்கும். மரை நீளம் 12 மி.மீ.க்குள் இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள், இல்லையென்றால் பின்பக்கம் முனை வந்துவிடும்.

வாடகை வீட்டில் ஆணி அடிக்க ஹவுஸ் ஓனர் ஒத்துக்கொள்வதில்லை என்பார்கள். அதற்காக டபுள் சைடு டேப் போட்டு டிஸ்டெம்பர் சுவரில் ஒட்டாதீர்கள். டேப் சுவரைப் பிடிப்பதில்லை, சுண்ணாம்புப் பூச்சைத்தான் பிடிக்கிறது. நாலு சாவி தொங்கியதும் பூச்சோடு கீழே வரும். மேலே இரண்டு துளை போட்டுக் கயிறு கோத்து, வாசல் பக்க ஜன்னல் கம்பியில் உள்புறமாகக் கட்டிவிடலாம். வெளியிலிருந்து கை எட்டாத உயரத்தில் கட்டுங்கள்.

அப்பாவைப் பற்றிய சின்னப் புத்தகம் என்றால் என்ன?

எங்களைக் கேட்டால் இந்தப் பக்கத்திலேயே சிறந்த பரிசு இதுதான். செலவு ஒரு ஏ4 தாளும் ஒரு போன் அழைப்பும். அப்பா சின்னப் பையனாக இருந்தபோது எப்படி இருந்தார் என்று பிள்ளை பாட்டி, அத்தை, பெரியப்பாவிடம் கேட்டு, எட்டுப் பக்கத்தில் எழுதிப் படம் வரைந்து கொடுப்பது.

தாளை நீளவாக்கில் பாதியாக மடித்து, அதைக் குறுக்கே பாதியாக, இன்னொரு முறை பாதியாக மடித்துப் பிரித்தால் எட்டுக் கட்டம் தெரியும். இப்போது அகலவாக்கில் மட்டும் பாதியாக மடித்து, மடிப்பு ஓரத்திலிருந்து நடுக்கோட்டில் ஒரு கட்டம் நீளத்துக்கு மட்டும் வெட்டுங்கள். முழுக்கப் பிரித்து, நீளவாக்கில் மடித்து, இரு முனைகளையும் உள்நோக்கித் தள்ளினால் நடுவிலுள்ள வெட்டு வாய் திறந்து கூட்டல் குறி போல நிற்கும். அதைச் சுற்றி மடித்தால் அட்டையோடு சேர்த்து எட்டுப் பக்கப் புத்தகம், ஒவ்வொரு பக்கமும் சுமார் 7.4-க்கு 10.5 செ.மீ. மடித்து முடித்த பிறகே எழுத வேண்டும். விரித்த தாளில் எழுதினால் பாதிப் பக்கம் தலைகீழாகிவிடும்.

கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது. "அப்பா நல்லா படிப்பாரா?" என்றால் "ம், படிப்பான்" என்று முடிந்துவிடும். "அப்பா எதுக்கு அடி வாங்கினாரு?", "எந்தக் கொழம்பு வெச்சா சாப்பிட மாட்டேன்னு அடம் பிடிச்சாரு?", "எந்த மரத்துலேர்ந்து விழுந்தாரு?", "மொத சம்பளத்துல உங்களுக்கு என்ன வாங்கிக் கொடுத்தாரு, பாட்டி?" இப்படிக் கேட்டால் பாட்டி நிறுத்த மாட்டார். போனை ஸ்பீக்கரில் போட்டு இன்னொரு போனில் பதிவு செய்துகொள்ளுங்கள், பிள்ளையால் அந்த வேகத்துக்கு எழுத முடியாது. பதிவு செய்வதைப் பாட்டியிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு சம்பவம், மூன்று வரி, ஒரு படம். பாட்டி சொன்ன சொல்லையே எழுதட்டும்.

அப்பா துபாயிலோ வேறு ஊரிலோ இருக்கிறார். என்ன அனுப்பலாம்?

மேலே சொன்ன புத்தகமும் கைக்குட்டையும் ஒரு சாதாரண கவரில் போகும். எழுந்து நிற்கும் அட்டையும் தட்டையாக மடியும். அதன்மேல் பாசிமணி, பட்டன் ஒட்டாதீர்கள், தபாலில் கவரைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். வெளிநாடு என்றால் மூன்று வாரம் முன்னதாக அனுப்புங்கள்.

தின்பண்டம் செய்து கொடுக்க முடியுமா?

மாலாடு. பொட்டுக்கடலை ஒரு கப், சர்க்கரை முக்கால் கப், நெய் மூன்றில் ஒரு பங்கு கப், ஏலக்காய் 3. சுமார் 12 உருண்டை வரும். கடலையைச் சிறுதீயில் இரண்டு நிமிடம் புரட்டி ஆறவிட்டு, கடலையையும் சர்க்கரையையும் தனித்தனியாகப் பொடித்துச் சலிக்க வேண்டும். நெய்யைச் சூடாக்குவதும் ஊற்றுவதும் பெரியவர் வேலை. சலிப்பதும் உருட்டுவதும் பிள்ளை வேலை. நெய்யை ஒரே தடவையில் கொட்டாமல் பாதி ஊற்றிக் கரண்டியால் கலந்து, கை பொறுக்கும் சூட்டில் பிடித்துப் பார்த்து, மீதியை ஊற்றுங்கள். உதிர்ந்தால் ஒரு டீஸ்பூன் சூடான நெய் சேருங்கள். பால் தெளித்தால் அப்போதைக்குப் பிடிக்கும், ஆனால் மறுநாளே கெடத் தொடங்கும். நெய் கூடிவிட்டால் உருண்டை தட்டில் உட்கார்ந்து தட்டையாகும், அதற்குக் கொஞ்சம் கடலை மாவு கைவசம் வைத்திருங்கள். பொட்டுக்கடலை மாவைச் சொல்கிறோம், பஜ்ஜி மாவை அல்ல. அது பச்சையாக இருக்கும்.

அப்பாவுக்குச் சர்க்கரை நோய் இருந்தால் நாட்டுச் சர்க்கரையோ வெல்லமோ போட்டால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம், ரத்தத்தில் அவையும் சர்க்கரைதான். வறுத்த வேர்க்கடலையில் மிளகுத்தூள், உப்பு, பொரித்த கறிவேப்பிலை சேர்த்து ஒரு பாட்டிலில் போட்டு, பிள்ளை கையால் எழுதிய லேபிள் ஒட்டிக் கொடுங்கள்.

காலையில் ஃபில்டர் காபி போட்டுக் கொடுக்கப் பிள்ளை ஆசைப்படுகிறாள்.

11 வயதுக்கு மேல், பெரியவர் பக்கத்தில் நிற்க, செய்யலாம். இரண்டு பேர் ஃபில்டருக்கு 3 டேபிள்ஸ்பூன் தூள். குடைத் தட்டால் லேசாகச் சமன் செய்தால் போதும். அழுத்தி அடைத்தால் டிகாக்ஷன் இறங்காது, அழுத்தாமலே விட்டால் தண்ணீர் சரசரவென்று ஓடி நிறம் மட்டும் வரும். கொதித்து இறக்கிய தண்ணீர் சுமார் 150 மி.லி., வட்டமாக ஊற்றி மூடி 20 நிமிடம். எத்தனை தட்டினாலும் இறங்கவில்லை என்றால் துளைகளில் பழைய தூள் அடைத்திருக்கும். அடுத்த நாளைக்கு முன் பெரியவர் அந்தப் பாத்திரத்தை அடுப்புத் தீயில் காட்டி எரித்துத் தேய்த்து வைக்கட்டும். டிகாக்ஷனை மறுபடி கொதிக்க வைக்காமல் கொதிக்கும் பாலில் சேர்க்க வேண்டும். ஆற்றிக் காட்டும் வித்தை மட்டும் பெரியவருக்கே இருக்கட்டும்.

குளூ கன், ஃபெவிகுவிக் பயன்படுத்தலாமா?

ஃபெவிகுவிக் பிள்ளைகள் கையில் கூடாது. தோலை நொடியில் ஒட்டிவிடும். பருத்தித் துணியிலோ பஞ்சிலோ கொட்டினால் சூடேறித் தோலைச் சுடும், ஆகவே சிந்தியதைத் துணியால் துடைக்கப் போகாதீர்கள். விரல் ஒட்டிக்கொண்டால் பிய்க்காமல், வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து மெல்ல உருட்டிப் பிரியுங்கள். கண்ணிலோ உதட்டிலோ பட்டால் உடனே மருத்துவரிடம் போங்கள். குளூ கன் 12 வயதுக்கு மேல், பெரியவர் கூடவே இருந்தால் மட்டும். பேப்பர் கட்டரும் அப்படித்தான்.

பெரியவர்கள் எவ்வளவு உதவலாம்?

கத்தியால் வெட்டுவது, சுடுவது, துளைப்பது பெரியவருடையது. வரைவது, எழுதுவது, நிறம் தேர்ந்தெடுப்பது பிள்ளையுடையது. எழுத்துப்பிழையைத் திருத்தாதீர்கள். "அப்பா" வில் புள்ளி விட்டுப்போய் "அபபா" என்றிருந்தாலும் அப்படியே இருக்கட்டும். கோணல் பூவைப் பிள்ளை தூங்கிய பிறகு நேராக்கி வைக்காதீர்கள். காலையில் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிடும்.

அப்பா இல்லாத பிள்ளைக்கு என்ன சொல்வது?

வகுப்பிலோ அபார்ட்மென்ட்டிலோ கூட்டாகச் செய்ய வைக்கும்போது, "உனக்கு யாருக்குக் கொடுக்கத் தோணுதோ அவங்களுக்குச் செய்" என்று எல்லாப் பிள்ளைகளிடமும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒரு பிள்ளையை மட்டும் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லக் கூடாது. தாத்தாவுக்கு, மாமாவுக்கு, அப்பாவின் வேலையையும் சேர்த்துப் பார்க்கும் அம்மாவுக்குக் கொடுக்கட்டும். இறந்துபோன அப்பாவுக்கே செய்ய ஆசைப்பட்டால் தடுக்காதீர்கள். படத்துக்குக் கீழே வைக்கலாம்.

எதில் சுற்றிக் கொடுப்பது?

ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ச் செய்தித்தாளில். நல்ல வண்ணப் பக்கமாகப் பார்த்து எடுங்கள், மரண அறிவிப்புப் பக்கம் வேண்டாம். செல்லோடேப்பைத் தாராளமாக ஒட்டினால் பிரிக்கும்போது உள்ளே இருக்கும் அட்டையும் கிழியும். சணல் கயிறு அல்லது பூக்கட்டும் நூல் போட்டு, சுருக்கு முடிச்சாகக் கட்டுங்கள், ஒரு முனையை இழுத்ததும் அவிழ வேண்டும். மாலாடு டப்பாவை மட்டும் செய்தித்தாளில் சுற்றாமல் பழைய துண்டுத் துணியில் மூட்டை கட்டுங்கள், அச்சு மை கையில் ஒட்டிப் பிறகு லட்டுக்குப் போகும். சாவி மாட்டியைச் சுற்ற வேண்டியதே இல்லை. முந்தின ராத்திரியே மாட்டி, அப்பாவின் வண்டிச் சாவியை முதல் கொக்கியில் தொங்கவிட்டுவிடுங்கள்.